புரதப் படிகங்களில் சிஸ்டீனின் ஆக்சிஜனேற்ற நிலைகள்

சிஸ்டீன் என்பது புரதங்களை ஆக்கும் 20 அமினோ அமிலங்களுள் ஒன்று. இவற்றுள் கந்தகம் உள்ளவை இரண்டே: மெத்தியோனின், சிஸ்டீன். சிஸ்டீனின் பக்கத்தொடர் முனையில் ஒரு கந்தக அணுவும் அதனுடன் ஒரு ஹைட்ரஜன் அணுவும் உள்ளன. இந்தத் தொகுதிக்குத் தையால் என்று பெயர். சூழ்நிலையைப் பொறுத்து இது எலக்ட்ரான்களை இழந்து வெவ்வேறு ஆக்சிஜனேற்ற நிலைகளை அடையும். ஒரு புரதத்தின் வடிவம், அதன் வேலை, அதனுடன் மருந்து பிணையுமா என்பவை பல சமயங்களில் இந்த ஒரு கந்தக அணுவின் நிலையைச் சார்ந்திருக்கின்றன.

சிஸ்டீன் எந்த நிலையில் உள்ளது என்பதை அணு அளவில் காட்டும் முதன்மையான முறை எக்ஸ் கதிர்ப் படிகவியல். ஆனால் படிகத்தில் தெரியும் நிலைதான் உயிருள்ள செல்லிலும் இருந்தது என்று உடனே முடிவு செய்ய முடியாது. அந்த நிலை செல்லில் உண்டானதாக இருக்கலாம், ஆய்வகத்தில் உண்டானதாக இருக்கலாம், படமெடுக்கப் பயன்பட்ட எக்ஸ் கதிரே உண்டாக்கியதாகவும் இருக்கலாம். இவற்றைப் பிரித்தறிவதே இத்துறையின் மையச் சிக்கல்.

பெயரும் நிலைகளும்

1810ஆம் ஆண்டு ஆங்கிலேய வேதியியலாளர் வில்லியம் ஹைட் வொல்லாஸ்டன் சிறுநீர்ப்பைக் கல் ஒன்றிலிருந்து ஒரு சேர்மத்தைப் பிரித்தார். சிறுநீர்ப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குச் சிஸ்டின் என்ற பெயர் அமைந்தது. இரண்டு சிஸ்டீன்கள் கந்தக அணுக்களால் இணைந்ததே சிஸ்டின் என்பது பின்னர் தெரிய வந்தது. பெயர்களில் ஓர் எழுத்தே வேறுபாடு. எனவே படிக்கும்போது கவனம் தேவை.

மேல்நிலைப் பள்ளி வேதியியலில் கற்பிக்கப்படும் ஆக்சிஜனேற்ற எண் விதிகளைக் கொண்டே கந்தகத்தின் நிலைகளைக் கணக்கிடலாம்.

1. தையால்: கந்தகத்துடன் ஹைட்ரஜன் இணைந்த நிலை. ஆக்சிஜனேற்ற எண் −2.
2. டைசல்பைடு: இரண்டு சிஸ்டீன்களின் கந்தகங்கள் ஒன்றோடொன்று பிணைந்த நிலை. எண் −1.
3. சல்பீனிக் அமிலம்: கந்தகத்துடன் ஓர் ஆக்சிஜன் சேர்ந்த நிலை. எண் 0.
4. சல்பினிக் அமிலம்: இரண்டு ஆக்சிஜன்கள். எண் +2.
5. சல்போனிக் அமிலம்: மூன்று ஆக்சிஜன்கள். எண் +4.

முதல் மூன்று நிலைகளுக்கிடையே செல் எளிதாக முன்னும் பின்னும் செல்லும். சல்பினிக் நிலையிலிருந்து திரும்புவது அரிது. அதற்கெனத் தனி நொதி வேண்டும். அந்நொதியும் ஒரு சில புரதங்களில்தான் வேலை செய்கிறது. சல்போனிக் நிலையை எட்டிய சிஸ்டீன் உயிரினங்களில் மீள்வதில்லை என்றே கொள்ளப்படுகிறது.

தோல் தொட்டியில் ஓர் எடுத்துக்காட்டு

மதுரைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தொலைவிலுள்ள திண்டுக்கல், தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். பச்சைத் தோலிலிருந்து முடியை நீக்க அதைச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த நீரில் ஊறவைப்பது இத்தொழிலின் வழக்கமான படிநிலை. முடி கூழாகக் கரைந்துவிடும். தோல் அப்படியே நிற்கும். ஒரே தொட்டியில் ஒன்று கரைவதற்கும் மற்றொன்று கரையாமல் இருப்பதற்கும் காரணம் சிஸ்டீனே.

முடியை ஆக்கும் கெராட்டின் என்ற புரதத்தில் டைசல்பைடு பிணைப்புகள் மிக அதிகம். அவைதாம் முடிக்கு வலுவைத் தருகின்றன. சல்பைடு ஓர் ஒடுக்கி. அது அப்பிணைப்புகளை அறுத்துவிடுகிறது. தோலின் முதன்மைப் புரதமான கொலாஜனின் மூவிழைச் சுருளில் சிஸ்டீன் இல்லை. அறுப்பதற்குப் பிணைப்பே இல்லாததால் சல்பைடு அதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. கந்தகத்தின் எண் −1இலிருந்து −2க்கு மாறுவது என்னும் சிறு மாற்றம் ஒரு தொழிலையே நடத்துகிறது.

சென்னையிலிருந்து ரைபோநியூக்ளியேஸ் வரை

கொலாஜனின் மூவிழைச் சுருள் அமைப்பை 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் நேச்சர் இதழில் முன்வைத்தனர். பின்னர் அமெரிக்கா சென்ற கர்த்தா, பஃபலோ நகரிலுள்ள ராஸ்வெல் பார்க் நினைவு நிறுவனத்தில் டேவிட் ஹார்க்கரின் குழுவில் பணியாற்றினார். 1967இல் கர்த்தா, ஜேக் பெல்லோ, ஹார்க்கர் ஆகிய மூவரும் ரைபோநியூக்ளியேஸ் ஏ என்ற நொதியின் முப்பரிமாண அமைப்பை வெளியிட்டனர். புரத அமைப்புகள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவில் இருந்த காலம் அது.

கொலாஜனுக்கு நேர்மாறாக, ரைபோநியூக்ளியேஸ் சிஸ்டீனை நம்பி நிற்கும் புரதம். அதன் 124 அமினோ அமிலங்களுள் 8 சிஸ்டீன்கள் உள்ளன. அவை இணை இணையாகச் சேர்ந்து 4 டைசல்பைடு பிணைப்புகளை உண்டாக்குகின்றன. 26 உடன் 84, 40 உடன் 95, 58 உடன் 110, 65 உடன் 72 என்பவை அந்த இணைகள்.

எட்டுச் சிஸ்டீன்களை நான்கு இணைகளாகச் சேர்க்க எத்தனை வழிகள் உண்டு? முதல் சிஸ்டீனுக்கு 7 துணைகள் சாத்தியம், எஞ்சிய ஆறில் முதலாவதற்கு 5, பிறகு 3, கடைசியில் 1. பெருக்கினால் 105. இவற்றுள் சரியானது ஒன்றே. அமெரிக்க வேதியியலாளர் கிறிஸ்டியன் அன்பின்சன் இந்த நொதியின் டைசல்பைடுகளை யூரியா கரைசலில் மெர்காப்டோஎத்தனால் கொண்டு அறுத்தார். நொதி குலைந்து வேலையை இழந்தது. பின்னர் அவ்விரண்டையும் நீக்கிக் காற்றுப்படச் செய்தபோது, அதே நான்கு இணைகள் மீண்டும் உண்டாகி நொதி உயிர்பெற்றது. சரியான இணைகளைத் தேர்ந்துகொள்ளத் தேவையான செய்தி அமினோ அமில வரிசையிலேயே உள்ளது என்பதே இதன் பொருள். இப்பணிக்காக 1972ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது.

கர்த்தாவின் குழு கண்டது ஆக்சிஜனேற்றம் அடைந்த −1 நிலை. இந்த நொதியைப் பொறுத்தவரை அதுவே இயல்பு நிலை. செல்லுக்கு வெளியே சுரக்கப்படும் புரதங்களில் டைசல்பைடு வழக்கமானது. செல்லின் உள்ளே இருக்கும் புரதங்களில் தையால் நிலையே வழக்கமானது. ஒரு படிக அமைப்பைப் பார்க்கும்போது எழுப்ப வேண்டிய முதல் கேள்வி, அப்புரதம் எங்கே வாழ்கிறது என்பதுதான்.

எக்ஸ் கதிரில் நிலை எவ்வாறு தெரிகிறது

எக்ஸ் கதிர்கள் எலக்ட்ரான்களால் சிதறடிக்கப்படுகின்றன. எனவே ஆய்வாளருக்குக் கிடைப்பது அணுக்களின் நேரடிப் படம் அல்ல. எலக்ட்ரான் அடர்த்தியின் வரைபடம். 16 எலக்ட்ரான்கள் உள்ள கந்தகம் அதில் நன்றாகத் தெரியும். 8 எலக்ட்ரான்கள் உள்ள ஆக்சிஜனும் தெரியும். ஒரே எலக்ட்ரானைக் கொண்ட ஹைட்ரஜன் பெரும்பாலும் தெரியாது.

நிலையை அறிய உதவுவது தொலைவு. டைசல்பைடில் இரண்டு கந்தகங்களுக்கிடையே சுமார் 2.05 ஆங்ஸ்ட்ராம் இருக்கும். பிணைப்பில்லாத இரு தையால்கள் அருகருகே இருந்தாலும் இடைவெளி 3 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் இருக்கும். கந்தகத்தோடு பிணைந்த ஆக்சிஜன் 2 ஆங்ஸ்ட்ராமுக்கும் குறைவான தொலைவில் இருக்கும். அருகில் வந்து நிற்கும் நீர் மூலக்கூறின் ஆக்சிஜன் 3 ஆங்ஸ்ட்ராமுக்கு அப்பால் இருக்கும்.

படிகத்தின் பகுதிறன் 1.5 ஆங்ஸ்ட்ராம் அளவில் இருந்தால் இவ்வேறுபாடுகள் தெளிவாகத் தெரியும். 3 ஆங்ஸ்ட்ராமை நெருங்கினால் கந்தகமும் அதன் அருகிலுள்ள ஆக்சிஜனும் ஒரே மேடாகக் கலந்துவிடும். மேலும் ஒரு படிகத்தில் கோடிக்கணக்கான மூலக்கூறுகள் உள்ளன. அவற்றில் ஒரு பகுதி மட்டும் ஆக்சிஜனேற்றம் அடைந்திருந்தால், வரைபடம் இரண்டின் சராசரியையே காட்டும். ஆகவே சிஸ்டீனின் நிலை என்பது, ஆய்வாளர் அடர்த்தி வரைபடத்தைப் படித்துச் சொல்லும் ஒரு விளக்கம்.

செல் உண்டாக்கிய நிலைகள்

ஆக்சிஜன் சேர்ந்த சிஸ்டீன் எல்லாமே பழுது அன்று. ரோடோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் நைட்ரைல் ஹைட்ராட்டேஸ் நொதியில், இரும்பு அணுவைப் பிடித்துள்ள சிஸ்டீன்களில் ஒன்று சல்பினிக் நிலையிலும் மற்றொன்று சல்பீனிக் நிலையிலும் இருப்பதை 1998இல் வெளியான படிக அமைப்பு காட்டியது. நொதி வேலை செய்ய இந்த ஆக்சிஜனேற்றம் தேவை.

இன்னொரு சான்று, இன்சுலின் சமிக்ஞையைக் கட்டுப்படுத்தும் பிடிபி1பி என்ற நொதி. இதன் வினைமையத்தில் 215ஆவது இடத்தில் ஒரு சிஸ்டீன் உள்ளது. ஹைட்ரஜன் பெராக்சைடு பட்டதும் அச்சிஸ்டீனின் கந்தகம், அடுத்த அமினோ அமிலத்தின் நைட்ரஜனுடன் பிணைந்து ஒரு சிறு வளையமாகிவிடுவதை 2003இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே படிகங்களில் கண்டன. ஒடுக்கி சேர்த்தால் வளையம் திறந்து நொதி மீண்டும் இயங்கும். சிஸ்டீன், மீளமுடியாத சல்போனிக் நிலைக்குப் போகாமல் தன்னைக் காத்துக்கொள்ளும் வழியாக இது கருதப்படுகிறது.

ஆய்வகம் உண்டாக்கும் நிலைகள்

புரதத்தைச் செல்லிலிருந்து பிரித்துத் தூய்மையாக்கி, சிறு துளிகளில் வைத்துப் படிகமாக்க நாள்கள், சில வேளை மாதங்கள் ஆகும். அந்தக் காலம் முழுவதும் காற்றிலுள்ள ஆக்சிஜன் தையால்களை மெல்ல மாற்றிக்கொண்டிருக்கும். இதைத் தடுக்க டிடிடி போன்ற ஒடுக்கிகளைச் சேர்ப்பார்கள். ஆனால் அந்த ஒடுக்கிகளும் நாளடைவில் காற்றுப்பட்டுச் செயலிழக்கும்.

இதற்குப் பாடமாக அமைந்தது என்டரோகாக்கஸ் பாக்டீரியாவின் என்ஏடிஎச் பெராக்சிடேஸ். 1991இல் வெளியான அதன் அமைப்பில் 42ஆவது சிஸ்டீன் சல்போனிக் நிலையில், மூன்று ஆக்சிஜன்களுடன் காணப்பட்டது. ஆனால் வேதிச் சோதனைகள் அது சல்பீனிக் நிலையில் இருந்தே வேலை செய்கிறது என்றன. காற்றினால் மேலும் ஆக்சிஜனேற்றம் அடையாதபடி காத்த படிகங்களைக் கொண்டு 1996இல் வெளியான அமைப்பு, ஒரே ஓர் ஆக்சிஜன் உள்ள சல்பீனிக் நிலையைக் காட்டியது. முதலில் கண்ட நிலை படிகத்திற்கு உண்மை. ஆனால் நொதிக்கு உண்மை அன்று.

சேர்க்கும் வேதிப்பொருள்களும் தடம் பதிக்கும். மெர்காப்டோஎத்தனால் சிஸ்டீனோடு டைசல்பைடாக ஒட்டிக்கொள்வதுண்டு. காகோடைலேட் தாங்கல் கரைசலைப் பயன்படுத்தினால், ஆர்சனிக் அணு கந்தகத்தில் ஏறி அமர்ந்திருப்பதைப் பல அமைப்புகளில் காணலாம்.

கதிர் உண்டாக்கும் நிலைகள்

காற்று செய்வது ஆக்சிஜனேற்றம். எக்ஸ் கதிர் டைசல்பைடுகளில் செய்வது பெரும்பாலும் அதற்கு எதிரான ஒடுக்கம். கதிர் பட்டதும் படிகத்தில் எலக்ட்ரான்கள் விடுபட்டு அலைகின்றன. டைசல்பைடு பிணைப்பு அவற்றை எளிதில் பிடித்துக்கொண்டு நீண்டு, பின் முறிகிறது. படிகத்தை −173 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்வித்தாலும் இந்தச் சேதம் முழுதாக நிற்பதில்லை.

2000ஆம் ஆண்டில் அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ், லைசோசைம் ஆகிய புரதங்களின் படிகங்களில் ஒரே இடத்தை மீண்டும் மீண்டும் படமெடுத்து இதைத் தெளிவாகக் காட்டினர். சேதம் எல்லா இடத்திலும் ஒரே சீராக நிகழ்வதில்லை. டைசல்பைடுகள் முதலில் பாதிக்கப்படும் இடங்களுள் அடங்கும். அவற்றுள்ளும் சில மற்றவற்றுக்கு முன்னரே முறியும். சிங்க்ரோட்ரான் போன்ற வலிமை மிக்க கதிர் மூலங்களில் இச்சிக்கல் கூடுதல். எனவே ஓர் அமைப்பில் டைசல்பைடு பாதி முறிந்ததாகத் தெரிந்தால், குறைந்த அளவு கதிரில் எடுத்த தரவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

விழிலென்சின் சிஸ்டீன்கள்

சிஸ்டீனின் நிலையைத் தவறாமல் அறிவது ஏன் முக்கியம் என்பதைக் கண்புரை காட்டுகிறது. இந்தியாவில் பார்வையிழப்புக்கு முதன்மைக் காரணம் கண்புரையே. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இந்நோய்க்கான அறுவை சிகிச்சையைப் பெருந்திரளான மக்களுக்குக் கொண்டு சென்று உலகப் புகழ் பெற்றது. 1992இல் மதுரையில் நிறுவப்பட்ட ஆரோலேப், புரை நீக்கிய கண்ணில் பொருத்தும் செயற்கை லென்சைக் குறைந்த விலையில் தயாரிக்கத் தொடங்கியது.

நீக்கப்படும் புரையில் நிகழ்ந்திருப்பது பெருமளவு கந்தக வேதியியல். விழிலென்சின் கரையும் புரதங்களில் ஏறக்குறைய 90 விழுக்காடு கிரிஸ்டலின்கள் என்ற வகையைச் சேர்ந்தவை. லென்சின் மையப்பகுதியிலுள்ள புரதங்கள் பிறப்பதற்கு முன்பே உண்டானவை. வாழ்நாள் முழுவதும் மாற்றப்படுவதில்லை. குளூட்டதயோன் என்ற சேர்மம் அவற்றின் சிஸ்டீன்களைத் தையால் நிலையில் காத்து வருகிறது. வயது ஏற ஏற மையப்பகுதியில் அதன் அளவு குறைகிறது. தையால்கள் டைசல்பைடுகளாக மாறி, புரதங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு திரள்கின்றன. அத்திரள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் லென்ஸ் மங்குகிறது.

மனிதக் காமா-டி கிரிஸ்டலினில் 173 அமினோ அமிலங்கள் உள்ளன. அவற்றுள் 6 சிஸ்டீன்கள். இதன் அமைப்பு 2003இல் 1.25 ஆங்ஸ்ட்ராம் பகுதிறனில் வெளியானது. ஒரு பரம்பரைக் கண்புரையில் இப்புரதத்தின் 14ஆவது இடத்திலுள்ள ஆர்ஜினினுக்குப் பதிலாகச் சிஸ்டீன் வந்துவிடுகிறது. 2000இல் வெளியான ஆய்வின்படி, இந்த மாற்றத்தால் புரதத்தின் மடிப்போ நிலைப்புத்தன்மையோ குறிப்பிடத்தக்க அளவு மாறுவதில்லை. ஆனால் புறப்பரப்பில் புதிதாக வந்த அந்த ஒரு கந்தகம், அடுத்த மூலக்கூறுகளோடு டைசல்பைடாகப் பிணைந்து திரளை உண்டாக்குகிறது. அதனால் சிறு வயதிலேயே புரை வளர்கிறது.

இங்குதான் மேற்சொன்ன எச்சரிக்கை பொருந்துகிறது. கிரிஸ்டலின் படிகமொன்றில் டைசல்பைடு காணப்பட்டால் அது முதுமையின் அடையாளமா, ஆய்வகக் காற்றின் விளைவா என்று கேட்க வேண்டும். பிணைப்பே காணப்படாவிட்டால் கதிர் அதை முறித்துவிட்டதா என்றும் கேட்க வேண்டும். புரையைத் தடுக்கும் மருந்தைத் தேடுவோர் தவறான நிலையை நம்பினால், தவறான இலக்கைத் தேடிச் செல்வார்கள்.

மருந்து வடிவமைப்பில்

கோவிட்-19 நோயை உண்டாக்கும் வைரசின் முதன்மைப் புரோட்டியேஸ் நொதியில் 145ஆவது சிஸ்டீனே வெட்டும் கருவி. நிர்மட்ரெல்விர் என்ற மருந்து இச்சிஸ்டீனின் கந்தகத்தோடு பிணைந்து நொதியை முடக்குகிறது. 2020இல் அறை வெப்பநிலையில் எடுத்த ஒரு படிக அமைப்பில் இதே சிஸ்டீன் ஆக்சிஜனேற்றம் அடைந்த நிலையில் காணப்பட்டது. அந்நிலையில் உள்ள கந்தகம், மருந்து எதிர்பார்க்கும் தையால் அன்று. ஆகவே கணினியில் மருந்தைப் பொருத்திப் பார்ப்பதற்கு முன், தேர்ந்தெடுத்த அமைப்பில் சிஸ்டீன் எந்த நிலையில் உள்ளது என்பதைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

கண்ணெதிரே இருந்தும் கவனிக்கப்படாமல் போன நிலைகளும் உண்டு. 2021இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் ஆய்வாளர்கள், ஒரு சிஸ்டீனின் கந்தகமும் லைசினின் நைட்ரஜனும் இடையில் ஓர் ஆக்சிஜன் அணுவால் பாலமாக இணைந்திருப்பதைக் கண்டறிந்தனர். பின்னர் புரதத் தரவு வங்கியில் ஏற்கெனவே இருந்த பல அமைப்புகளிலும் அதே பாலம் இருப்பது தெரிந்தது.

தரவு வங்கிப் பதிவைப் படிக்கும் முறை

1971இல் தொடங்கப்பட்ட புரதத் தரவு வங்கியில் இன்று 2 லட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அதில் ஒவ்வொரு நிலைக்கும் மூன்றெழுத்துக் குறியீடு உண்டு. சாதாரணச் சிஸ்டீன் சிஒய்எஸ். சல்பீனிக் நிலை சிஎஸ்ஓ. சல்பினிக் நிலை சிஎஸ்டி. சல்போனிக் நிலை ஓசிஎஸ். மெர்காப்டோஎத்தனால் ஒட்டியது சிஎம்இ. கல்லூரி மாணவர்கள் ஒரு பதிவைப் படிக்கும்போது பின்வருவனவற்றைச் சரிபார்க்கலாம்.

1. புரதம் செல்லின் உள்ளே இருப்பதா, வெளியே சுரக்கப்படுவதா?
2. பகுதிறன் எவ்வளவு? 2.5 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் எண் கூடினால், ஆக்சிஜன்களின் எண்ணிக்கையை எச்சரிக்கையோடு ஏற்க வேண்டும்.
3. படிகமாக்கிய கரைசலில் ஒடுக்கி இருந்ததா? காகோடைலேட் இருந்ததா?
4. படிகம் பெற்ற கதிரின் அளவு குறிக்கப்பட்டுள்ளதா?
5. மாதிரியோடு எலக்ட்ரான் அடர்த்தி வரைபடம் பொருந்துகிறதா? வங்கியின் தளத்திலேயே இதைப் பார்க்க முடியும்.
6. வேறு முறையில் சான்று உண்டா? நிறை நிறமாலையில் ஓர் ஆக்சிஜன் சேர்ந்தால் நிறை 16 அலகு கூடும், இரண்டுக்கு 32, மூன்றுக்கு 48. ஒரு டைசல்பைடு உண்டானால் 2 அலகு குறையும்.

தையாலில் ஹைட்ரஜன் இருக்கிறதா, அது விலகிக் கந்தகம் எதிர்மின்னூட்டம் பெற்றுள்ளதா என்பதை வழக்கமான எக்ஸ் கதிர் அமைப்பு சொல்லாது. அதற்கு நியூட்ரான் விளிம்பு விளைவு முறை பயன்படுகிறது. ஒரு படிக அமைப்பு மட்டும் தரும் விடையை விட, படிகமும் நிறை நிறமாலையும் உயிர்வேதிச் சோதனையும் ஒருமித்துத் தரும் விடையே நம்பத்தக்கது.